கிளிஞ்சலில் நடந்த போக்கர் போட்டி

ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராத வித்தை. இப்போது ஓரளவு அடங்கிவிட்டேன் (முழங்கால் வலிதான் காரணம், ஞானம் இல்லை). எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் மின்சார இலாகா குமாஸ்தாவாக இருந்தபோது, நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் தொடை ஆடும், யாராவது எதையாவது கேட்டால் கேள்வி முடிவதற்குள் நாக்கு ஆடிவிடும். அந்த நாக்குதான் என்னைப் போக்கர் போட்டி நடத்த வைத்தது.

முசே அந்துவான் என்று ஒருவர் (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா). பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். சைகோனில் வெள்ளைக்காரர்களையே போக்கர் சீட்டாட்டத்தில் தோற்கடித்தவர் என்பது ஊரறிந்த செய்தி (ஊருக்குச் சொன்னவர் அவரேதான்). அவருடைய மகள் பிலோமினாவை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டிலிருந்து ஆள் போயிருந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டுத் தெருவை ஒரு நாளைக்கு எட்டு தடவை அளந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் முசே கூப்பிட்டு அனுப்பினார். மாதா கோயில் திருவிழா வாரத்தில் மண்டபத்தில் ஒரு போக்கர் போட்டி வைக்க அவருக்கு ஆசை. காசு நடமாடக் கூடாது என்ற நிபந்தனையோடு சாமியாரும் சம்மதித்துவிட்டார். முதல் பரிசாகத் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையே முசே தருகிறார்.

"தம்பி, போட்டி நடத்துற முறையெல்லாம் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியுங்க!" (போக்கர் என்பது தின்பதா, ஆடுவதா என்றுகூடத் தெரியாது.)

"அப்ப நீங்களே நடத்துங்க. ஒரு காரியத்தப் பொறுப்பா முடிக்கிற ஆளான்னு நானும் பார்த்துக்கிறேன்."

கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த என் சித்தப்பா மகன் ஆரோக்கியத்திடம் ஓடினேன். அவன் மூன்று முறைகளைச் சொன்னான். ஒன்று, காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற சில்லுகளை எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பது. சில்லு தீர்ந்தவர் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்னொன்று, தீர்ந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் மட்டும் மறுபடி சில்லு கொடுப்பது. மூன்றாவது, ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயத்தை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பது.

"ஒன்னத் தீர்மானம் பண்ணிட்டு அதுலயே நில்லு. நடுவுல மாத்தாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான்.

சில்லுக்கு எங்கே போவது? கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் கிளிஞ்சல் கொட்டிக் கிடந்தது. ஒரு கூடை அள்ளி வந்து கழுவி, ஆளுக்கு முப்பது கொடுத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் இருபத்து நாலு பேர் உட்கார்ந்தார்கள். தோற்றவர் வெளியே என்பது முறை. பத்தரை மணிக்கே ஆறு பேர் வெளியே வந்து, என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சரி சரி, வேணுங்கிறவங்க இன்னொரு பிடி எடுத்துக்கலாம்!" என்று கத்திவிட்டேன். ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டான்.

பன்னிரண்டு அடித்தது. எங்கள் ஊரில் பன்னிரண்டு அடித்தால் கடையும் ஆபீசும் சாத்தப்படும். சாப்பிட்டுத் தூங்கி மூன்று மணிக்கு மேல்தான் உலகம் மறுபடி ஆரம்பிக்கும். பிரெஞ்சுக்காரன் போனாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. எல்லாரும் அவரவர் கிளிஞ்சலைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மணிக்குத் திரும்பியவர்களின் சட்டைப் பைகள் தொங்கின. ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். கிளிஞ்சல்மேட்டில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த சவரிமுத்து, கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியே பிழைப்பவர், தோளிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"நீங்கதானே தம்பி இன்னொரு பிடி எடுத்துக்கலாம்னீங்க? எனக்குக் கை கொஞ்சம் பெருசு."

பதறிப்போய் மூன்றாவது முறையையும் கையில் எடுத்துவிட்டேன். கட்டாயப் பந்தயம் ஒரு பிடியில் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. எண்ணி மாளாமல், மடப்பள்ளியில் அரிசி அளக்கிற மாதிரி படி கொண்டுவந்து அளந்தோம். நான்கரை மணிக்குப் பந்தயம் ஒரு படிக் கிளிஞ்சல்.

முசே ஒருவர்தான் காலையில் நியாயமாக ஜெயித்த எண்பதை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். படியில் கொட்டிப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை. சைகோனை ஜெயித்தவர் ஊரே பார்க்க எழுந்து நின்றார். மீசை துடித்தது.

"யார் போட்ட முறைங்க இது?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். அவன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அன்று முதன்முறையாக என் கால் ஆடாமல் நின்றது.

"நாந்தாங்க. எனக்கு இந்த ஆட்டமே தெரியாதுங்க. தெரியும்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் தொப்பியைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஜெயித்த சவரிமுத்து கடிகாரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். பிலோமினா கைநழுவிப் போய்விட்டாள் என்று மண்டபத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அன்று அவர் வீட்டில் நடந்ததை என் மாமியார் பின்னால் சொன்னார். "அந்தப் பயலுக்குப் பொண்ணு கெடையாது!" என்று முசே கூரை அதிரக் கத்தியிருக்கிறார். பிலோமினா மீன் கழுவிய கையோடு வந்து நின்றாளாம்.

"அவரையே முடிங்க, அப்பா. தெரியாதுன்னு வாய் விட்டுச் சொல்ற ஆம்பளைய இந்த வீட்டுல நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

முசே வெகு நேரம் சுவரில் கடிகாரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழம வரச் சொல்லு" என்றாராம்.

இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, "தெரியாது." புதிதாக வந்த மாப்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "அத்தை, மாமாவுக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டேவிட்டார்.

"அவருக்கு ஒன்னுந் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும், மாப்பிள. அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள் பிலோமினா.