இரண்டாவது வயர்

யார் எதை விளக்கினாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், தலையாட்டுகிற வியாதி எனக்கு உண்டு. (இப்போதும் இருக்கிறது. விளக்குகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.)

போர் முடிந்த அடுத்த வருடம் அது. சுனாமியில் வீடிழந்த செட்டிபாளையத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் நான் கணினி உதவியாளர். சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். அலுவலகத்தின் பின் ஜன்னலைத் திறந்தால் வாவி. அதுதான் எனக்கு வினையாயிற்று.

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் பன்னிரண்டு இணையத் தொலைபேசிகளைப் பூட்டிவிட்டு, அவை எப்படி விழிக்கின்றன என்று எனக்கு விளக்கினார். வயர் வழியாகவே மின்சாரம் வரும். விழித்ததும் வலையமைப்பிடம் ஒரு முகவரி கேட்கும். கிடைத்ததும் சேர்வரைத் தேடிப்போய்த் தனக்கான அமைப்புகளை வாங்கும். கடைசியில் தன் இலக்கத்தைப் பதிந்துகொள்ளும். அப்போதுதான் திரையில் பெயர் தோன்றும்.

தான் யாரென்று தெரியாமல் கண்விழிக்கிற ஒரு பெட்டி, கேட்டுக் கேட்டுத் தன் பெயரைக் கண்டுபிடிக்கிறது! அந்த நினைப்பிலேயே நான் ஜன்னல் வழியே வாவிக்குப் போய்விட்டேன். தோணி ஒன்று அசையாமல் நின்றது. அதிலிருந்தவர் வலையை மெல்ல மெல்ல இழுத்தார். வலை முடியவே இல்லை. நான் அறைக்குத் திரும்பியபோது பொறியியலாளர் பின்பக்கத்து இரண்டு துளைகளைப் பற்றி ஏதோ சொல்லி முடித்து, விளங்கியதா என்று கேட்டார். தலையாட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நிதி வழங்குகிறவர் வெளிநாட்டிலிருந்து பேசுவதாக இருந்தது. மிச்சமிருந்த பதினெட்டு வீடுகளுக்கு அவர் சம்மதிக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டிலிலேயே இருந்த பரமேஸ்வரி அக்கா, அவரோடு நேரடியாகப் பேசச் செட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். மொழிபெயர்க்க எங்கள் பொறுப்பதிகாரி தங்கராசா சேர்.

ஒன்பதே முக்காலுக்குக் கூட்ட அறைத் தொலைபேசியைத் துடைக்கத் தூக்கினேன். பின்னால் இரண்டு துளைகள். ஒன்றில் மட்டும் வயர். சுவரிலும் ஒரு துளை சும்மா இருந்தது. முக்கியமான அழைப்பாயிற்றே, இரண்டு வயர் இருந்தால் குரல் இரண்டு மடங்கு தெளிவாகக் கேட்கும் என்று என் அறிவு சொன்னது. இன்னொரு வயரை எடுத்து, சும்மா இருந்த இரண்டு துளைகளையும் இணைத்துக் கொழுவினேன்.

(தொலைபேசியின் அந்த இரண்டாவது துளை பக்கத்துக் கணினிக்கானது. அதையும் சுவரில் கொழுவினால், ஒரு வழியால் போன செய்தி மறு வழியால் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, முழு வலையமைப்பையும் அடைத்துவிடும். இதைப் பிறகுதான் படித்தேன்.)

முதலில் சேரின் தொலைபேசியில் அவருடைய பெயர் மறைந்தது. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் பெயரை இழந்தார்கள். நான் ஓடி ஓடி மற்றப் பதினொன்றையும் கழற்றிப் பூட்டினேன். அவை முகவரி கேட்டபடியே நின்றன. எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் பச்சை விளக்குகள் மின்மினிக் கூட்டமாய்த் துடித்தன. அழகாக இருந்ததால் அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேர் கைத்தொலைபேசியில் கொழும்பு அலுவலகத்தை அழைத்து, நிதி வழங்குகிறவரை அந்தக் கைத்தொலைபேசி இலக்கத்துக்கே எடுக்கச் சொல்லும்படி கேட்டார். கட்டடத்துக்குள் சிக்னல் சரியில்லை. எல்லோரும் வாவிக் கரைக்கு ஓடினோம். அழைப்பு வந்தது. பேசியவர் முதலில் கேட்டதே, அது என்ன இரைச்சல் என்றுதான்.

பரமேஸ்வரி அக்கா நிதானமாகச் சொன்னார்: "அது காத்து ஐயா. இதுதான் எங்கட தகரத்தப் போட்டு அடிக்கிற. புள்ளையள் காதப் பொத்திக்கொண்டுதான் படிக்குதுகள்."

சேர் மொழிபெயர்த்தார். அந்தப் பக்கத்திலிருந்தவர் பதினெட்டுக்கும் சம்மதம் என்றார்.

திரும்பி வந்ததும் எங்கள் சாரதி ரஹீம் நானா கூட்ட அறை மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். "இதென்ன புள்ள, ரெண்டும் ஒரே சுவருக்கப் போகுது?" என்று ஒன்றை இழுத்தார். சற்று நேரத்தில் திரைகளில் பெயர்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

நான்தான் கொழுவினேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். சேர் நெற்றியைத் தடவினார். "உனக்கு ஏசுறதா, நன்றி சொல்லுறதா எண்டு விளங்கல்ல."

அன்று பஸ்ஸுக்கு விடாமல் அலுவலக வாகனத்திலேயே ரஹீம் நானா என்னை வீட்டில் இறக்கியபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி, ஸ்கேன் செய்த அன்று, வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் என்று கணவர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டையும் கொழுவிட்டாளா?" என்று கேட்டாராம்.

இப்போது அந்த இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் யார் இளையவள் என்று கேட்டால், சின்னவள் கையை உயர்த்துகிறாள்.

"நான்தான் ரெண்டாவது வயர்."