சக்கரம் வெச்ச வூடு

"கருவாடு எங்கய்யா போச்சு?"

வரலட்சுமி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். நேற்று காசிமேட்டில் வாங்கி, பொட்டலம் பிரிக்காமல் உள்ளே வைத்த நெத்திலிக் கருவாடு. இப்போது டப்பாவில் வாசனை மட்டும்தான் இருந்தது.

"பூனை தூக்கினு போயிருக்கும்," என்றார் அவள் புருஷன் மண்ணாங்கட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"பூனை டப்பாவத் தொறந்து, பொட்டலத்த எடுத்துகினு, திரும்ப மூடியும் போட்டுட்டுப் போச்சா?"

"காலடிப்பேட்டைப் பூனைங்க வெவரமானதுங்க."

"சரி, காலைல கட்டிகினு போன வேட்டி ஏன் சொட்டச் சொட்ட நனைஞ்சிகீது?"

"வாக்கிங் போனேன். கடல்ல கால நனைச்சேன்."

"இடுப்பு வரைக்குமா?"

"அலை பெருசு."

மேற்கொண்டு சண்டை போட வரலட்சுமிக்கு நேரமில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இரண்டு பேரும் திருவொற்றியூருக்கு வண்டி பார்க்கப் போக வேண்டும்.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. எண்ணூரில் புதுத் துறைமுகம் கட்ட வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் பெரிய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மூலையில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பாத்ரூம் எல்லாம் வைத்து, அதிலேயே குடியிருந்தார். வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது அதைப் பழைய இரும்புக் கடை ராசையா அண்ணாச்சியின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சேதியைப் பால் பூத்தில் கேட்டு வந்து சொன்னவளே வரலட்சுமிதான். "அண்ணாச்சி கடையில சக்கரம் வெச்ச வூடு ஒண்ணு வந்து நிக்குதாம்யா," என்று ஊர்க்கதையாகத்தான் சொன்னாள். மண்ணாங்கட்டி சோற்றுக் கையோடு அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்படியா? அப்போ போய்ப் பாத்துட வேண்டியதுதான்," என்றார்.

சொன்ன பிறகுதான் வரலட்சுமிக்கு உறைத்தது, எந்த வார்த்தையை வாயில் எடுத்தோம் என்று.

கல்யாணமான புதிதில் கல்மண்டபத்தில் ஒரே அறை. மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்கள், ஒரு அத்தை. நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும். அந்தப் பக்கம் மாமியார் இருமினால் இந்தப் பக்கம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மனசுவிட்டு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் கடலோரக் கருங்கல்லுக்குத்தான் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து, கப்பல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, ஒருநாள் அவள் சொன்னாள்.

"நமக்குன்னு ஒரு ரூமு வேணும்யா. யார்னா வந்தா அப்படியே தள்ளிகினு போற மாரி, அடியில சக்கரம் வெச்சு."

"வாங்கித் தரேன்மே," என்றார் அவர். அப்போது அவருக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொண்டால், "சக்கரம் வெச்ச வூடு வாங்கித் தரேன், மூஞ்ச தூக்காத." பிரசவ வலியில் துடித்தபோதும் அதே. காலடிப்பேட்டையில் சொந்த வீடு கட்டி, பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு திசையில் போன பிறகும் அதே.

'மனுசன் இத்தினி வருசமா நெஞ்சுல வெச்சிகினு இருந்திருக்கார்' என்று வரலட்சுமி நினைத்துக்கொண்டாள். ரிட்டையர் ஆனதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள். எப்படி வேண்டாம் என்பது? வேண்டும் என்பதும் எப்படி? காலடிப்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கடலோரமாகவே கன்னியாகுமரி வரை ஒரு வருஷம் சுற்றலாம் என்கிறார். அந்த வீட்டுக்கு மணல் சுமந்தவள் அவள். அவள் அடுப்பில் வேறொருத்தி பால் பொங்க வைப்பதா?

அதனால் அவள் ஒரு முடிவோடு கிளம்பினாள். வண்டியில் குறை கண்டுபிடிப்பது. அவரே வேண்டாம் என்று சொல்லும்வரை கண்டுபிடிப்பது. அதற்காக எதிர்வீட்டு மெக்கானிக் பகலவனிடம் பாடமும் கேட்டிருந்தாள்.

"மூணே விசயம்க்கா. பானெட்டத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா நீ வர்றதுக்கு முன்னாலயே ஓட்டி வெச்சிகீறான், லேசுல ஸ்டார்ட் ஆவாத வண்டின்னு அர்த்தம். கதவ மூடிகினு மோந்து பாரு. தரைய குதிகாலால மிதி, அமுங்கினா மக்கிப்போச்சு."

கடை வாசலில் காவலுக்கு இருந்த ஜன்னத் கேட்டைத் திறந்துவிட்டாள். மண்ணாங்கட்டியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பலமாக இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க," என்று வந்தார் ராசையா. "தொரை தங்கமா வச்சிருந்த வண்டி. நல்லா பாத்துக்கிடுங்க."

வரலட்சுமி, மர நிழலில் நின்ற வண்டியின் பானெட்டைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. மனசு கொஞ்சம் சோர்ந்தது. உள்ளே ஏறித் தரையை மிதித்தாள். அவள் குதிகால்தான் வலித்தது. கதவை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கவுச்சி அடிக்குது."

"காசிமேட்டுக் காத்துக்கா. இந்தப் பக்கம் பூரா அப்படித்தான் மணக்கும்."

"கதவு சன்னல்லாம் மூடிகீது, காத்து எந்த வழியா வந்துச்சு? அந்த வெள்ளைக்காரன் இன்னாத்தத் தின்னானோ."

"அப்போ வேணாம்மே," என்றார் மண்ணாங்கட்டி, ரொம்ப வேகமாக. "நாறுற வண்டி எதுக்கு? வா, வூட்டுக்குப் போலாம்."

வரலட்சுமிக்குச் சந்தோஷம். ஆனால் அவர் குரலில் இருந்த அவசரம் அவளை என்னவோ செய்தது. ரோஷத்தில் பேசுகிறார் பாவம் என்று பட்டது.

"இதுக்குப் போயா?" என்றார் ராசையா. "பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுட்டு இலவம்பஞ்சுல புது மெத்தை போட்டுத் தாரேன். சும்மாவே தாரேன்."

மண்ணாங்கட்டியின் முகம் விழுந்துவிட்டது.

அப்போது வரலட்சுமியின் உச்சந்தலையில் சொட்டென்று ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு சொட்டு மூக்கில் விழுந்தது.

"கூரை ஒழுவுது அண்ணாச்சி."

ராசையா வெளியே இறங்கி வானத்தைப் பார்த்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. "மழையே இல்லியேக்கா."

"மழை இல்லாமயே ஒழுவுது. மழை வந்தா?"

"நேத்து வரைக்கும் ஒழுகலியே," என்று ராசையா தலையைச் சொறிந்தார்.

"கூரையே சரியில்லாத வூட்ட எவன் வாங்குவான்?" என்றார் மண்ணாங்கட்டி. "நீ சொல்றது கரெக்டும்மே. வா."

"இருங்க அண்ணே, எதுக்குப் பறக்குதிய? கூரைக்கு மேல முழுசாப் புதுத் தகடு அடிச்சுத் தாரேன். அக்காவுக்காக."

வரலட்சுமி பல்லைக் கடித்தாள். அவள் குறை சொல்லச் சொல்ல வண்டி புதுசாகிக்கொண்டே போனது.

"இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள்.

ராசையா சாவியைத் திருப்பினார். இஞ்சின் பேசவில்லை. ஹாரன் பேசியது. பேசியது நிற்கவே இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். ராசையா பானெட்டைத் திறந்து ஒரு ஒயரைப் பிடுங்கினார். வைப்பர் ஆட ஆரம்பித்தது. இன்னொன்றைப் பிடுங்கினார், வைப்பர் நின்று ஹாரன் இன்னும் சத்தமாக அடித்தது. ஜன்னத் ஓடிவந்து ஹாரன்மேல் ஒரு செங்கல்லால் ஓங்கிப் போட்டாள். அமைதி.

இத்தனை வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், ஒரு கை கொடுக்காமல், வேறெங்கோ பார்த்தபடி நின்றார். வரலட்சுமிக்குப் பாவமாக இருந்தது. ஆசைப்பட்ட வண்டியின் மானம் கண்ணெதிரே போகிறது. குனிந்து பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

ராசையா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பேட்டரி, ஒயரு எல்லாம் புதுசு. ஒரு டேப் ரெக்கார்டரும் வச்சுத் தாரேன். வெலையும் பாதிதான். எனக்கு எடத்தக் காலி பண்ணினாப் போதும். ஏ ஜன்னத்து, அந்த மெத்தையைத் தூக்கி வெளிய போடு, அக்கா சித்த ஒக்காந்து யோசிக்கட்டும்."

மெத்தை போன பிறகு, வெறும் பலகைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல், கடலில் நங்கூரம் போட்ட ஒரு கப்பல். ஜன்னல் திரை, அந்தக் காலத்துக் கல்மண்டபம் புடவை மாதிரியே காற்றில் ஆடியது. அதற்கு அந்தப் பக்கம் இரும யாருமில்லை.

"உனுக்குப் புடிச்சிகீதாமே?" என்று மண்ணாங்கட்டி மெதுவாகக் கேட்டார்.

"உனுக்கு?"

"நீ சொல்றதுதான். நீ வேணாம்னா எனுக்கும் வேணாம். மனசார சொல்றேன்." அவர் கண் கெஞ்சியது.

எத்தனை வருஷத்து ஆசை. அதையும் தனக்காக விட்டுக்கொடுக்கிறாரே. போகட்டும். அடுப்புதானே, வேறொருத்தி பொங்கிவிட்டுப் போகட்டும். இந்த மனுஷன் முகம் ஒருதரம் மலரட்டும்.

எழுந்து கதவைத் திறந்தாள். சுருக்குப் பையை அவிழ்த்து, கையில் வந்ததை ராசையாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அட்வான்ஸ். வண்டிய நாங்க எடுத்துக்கிறோம்."

"அக்கா வாக்கு, வாக்குத்தான்," என்று ராசையா கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

மண்ணாங்கட்டி வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் திரண்டு நின்றது.

"பாத்தீங்களா அண்ணாச்சி," என்றாள் வரலட்சுமி பெருமையாக. "சந்தோசத்துல பேச்சே வரல."

மெத்தையை உதறிக்கொண்டிருந்த ஜன்னத், கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"இந்தாக்கா, உன் கருவாடு. விடியறதுக்குள்ள உன் வூட்டுக்காரர்தான் வந்து இத மெத்தைக்கு அடியில சொருவிட்டு, கூரை மேல ரெண்டு பக்கெட்டு தண்ணிய ஊத்தி, ஒயர எல்லாம் மாத்தி முடிஞ்சிட்டு, 'என் பொண்டாட்டிக்கு இந்த வண்டி மேல உசுரு, வேணாம்னு சொல்ல எனுக்கு மனசு வர்ல, அவளே வேணாம்னுட்டா உனுக்கு வண்ணாரப்பேட்டைல ஒரு பொடவை'ன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னாக்கா நீ, என் பொடவைல மண்ண போட்டுட்டியே."