நாலாம் மேசைத் தளபதி

பிறர் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பும் பெரியவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கு அவர்களைத் தெரியும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், முழங்காலில் வலி இருக்கும், தேத்தண்ணீர்க் கடையில் நிரந்தரமாக ஒரு நாற்காலி இருக்கும். பேச்சு கோசு விலையில் தொடங்கட்டும், மண்சரிவில் தொடங்கட்டும், தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிய பையனில் தொடங்கட்டும், எல்லாம் சுற்றி வந்து ஒரே இடத்தில்தான் இறங்கும்: "இதுங்களையெல்லாம் கொண்டுபோய் ஆர்மில போடணும்." ஐயா, தாங்கள் போனீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அழைக்கப்பட வேண்டிய வயதில் அவர்களை யாரும் அழைக்கவில்லை. அழைக்கத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு அந்த வயது இல்லை. இதைவிட வசதியான வீரம் உலகத்தில் உண்டா?

மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஷஹாபுதீன் நானா கடையின் நாலாம் மேசையில் உட்காரும் பழனியப்பன் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் ஜாம் பாட்டிலும் விற்கிறார். பதினைந்து வருடமாகக் காலை ஏழு மணிக்குத் தேத்தண்ணீர், ஏழேகாலுக்கு நாட்டின் பாதுகாப்பு, ஒன்பது மணிக்குக் கடை திறப்பு. கட்டாயப் பயிற்சியின் நன்மைகளை அவர் சொல்லக் கேட்க வேண்டும். வெயிலில் நின்றால் உடம்பு கெட்டிப்படும். காட்டில் படுத்தால் பயம் போகும். கொடுத்ததைத் தின்றால் நாக்கு அடங்கும். மலாய், சீன, இந்திய என மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தூங்கினால் நாடே ஒற்றுமையாகிவிடும். இத்தனையும் சொல்லிவிட்டு, தேத்தண்ணீரில் சீனி ஒரு கரண்டி குறைந்தால் குவளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் விடியற்காலைப் பெரட்டில் நின்றவர். பனி கொட்டுகிற இருட்டில் வரிசை கட்டி, கங்காணி பேர் கூப்பிட, "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, பிறகு மலை ஏறியவர். பழனியப்பனும் இருபது வயதில் அந்த வரிசையில் நின்றிருக்கிறார், சரியாகப் பதினோரு நாள். அதன் பிறகு டவுனுக்கு வந்து வியாபாரி ஆனார். ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது இந்தப் பதினோரு நாளை அவர் ஏனோ சேர்த்துக்கொள்வதில்லை.

அவர் சேர்த்துக்கொள்வது பூட்ஸை. ஜாம் பாட்டில்களுக்கு மேல் ஒரு பலகையில், ஒரு ஜோடி கறுப்புப் பூட்ஸ் சாமிப் படத்துக்குப் பக்கத்து மரியாதையோடு உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஞாயிறுதோறும் பயிற்சி தரும் தொண்டூழியப் படையில் சேர்ந்தபோது வாங்கியது. வாரம் தவறாமல் மெருகு போடுவார். சுற்றுலா வந்தவர்கள் கேட்டால், "அது ஒரு காலம்" என்று தொடங்குவார். முடிவதற்குள் இரண்டு பாட்டில் ஜாம் விற்றிருக்கும்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை, மகளின் கைத்தொலைபேசி வழியாக நாடு வந்து கதவைத் தட்டியது. புவனேசுக்குப் பதினெட்டு வயது. தேசிய சேவைப் பயிற்சிக்கு அவள் பெயர் வந்திருந்தது. நாற்பத்தைந்து நாள், கீழே, வெயில் ஊரில்.

"யாரு பேருமா?" என்றார் பழனியப்பன்.

"என் பேருதான்பா. ஐசி கார்டு நம்பர் கூட சரியா இருக்கு."

ஒரே நிமிடம்தான் ஆனது. பதினைந்து வருடமாகக் கண்ணில் படாத தீமைகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. மலையில் பிறந்த பிள்ளை, கீழ் வெயில் தாங்குமா? காட்டில் பாம்பு இருக்குமே. கொடுத்ததைத் தின்னச் சொல்வார்கள், இவளுக்கோ ரசம் இல்லாமல் சோறு இறங்காது. தெரியாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் எப்படித் தூங்குவாள்? கவனித்தீர்களா, சரக்கு ஒன்றுதான். நாலாம் மேசையில் இருந்தபோது நன்மை என்று சீட்டு ஒட்டியிருந்தது, வீட்டு வாசலுக்கு வந்ததும் தீமை ஆகிவிட்டது.

"பொம்பளப் பிள்ளைய எப்படி லா கூப்பிடுவாங்க?" என்றார் மனைவியிடம்.

ரஞ்சிதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆம்பளப் பொம்பள வித்தியாசம் பாக்காம எல்லாத்தையும் போடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. கடவுள் காதுல விழுந்திருச்சு போல."

மறுநாள் நாலாம் மேசையில் நாட்டின் பாதுகாப்பு பேசப்படவில்லை. பழனியப்பன் குரலைத் தாழ்த்தி, "நானா, உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராச்சும் இருக்காங்களா? புவனேசுக்கு மூச்சிரைப்பு இருக்குன்னு ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்றார்.

ஷஹாபுதீன் நானா தேத்தண்ணீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அவர் ஆற்றுவதை நிறுத்தினால் கடையே திரும்பிப் பார்க்கும்.

"மூச்சிரைப்பா? எப்பத்துல இருந்து?"

"நேத்துல இருந்து."

"போன மாசம் என் பேரனுக்கு மூச்சிரைப்புன்னு சொன்னப்ப நீ என்ன மருந்து சொன்னே, பழனி?"

பழனியப்பனுக்கு நினைவிருந்தது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் நினைவிருந்தது. மூன்றாம் மேசையில் லோரிக்காரர் ஒருவர் ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி, "ஆர்மி" என்று அந்த மருந்தின் பெயரை மெல்ல உச்சரித்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது பழனியப்பனுக்கு.

அன்று மாலை அவரைப் பார்க்கத் தவமலர் வந்தாள். பூ வியாபாரம் செய்பவள், பக்கத்துக் கடைக்காரி. பல வருடங்களுக்கு முன், பழைய தேசிய சேவைத் திட்டத்தில், அவள் மகன் ஹரிதாசை மூன்று மாதத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்போது ரோஜாக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அழுதாள். பழனியப்பன் தன் கடையில் பூட்ஸ் பலகையின் கீழ் நின்றபடியே, "தவமலர், நாட்டுக்குப் பிள்ளையக் குடுத்தவங்க அழக்கூடாது" என்றார். அன்று அது அவருக்கே மிகவும் பிடித்த வாக்கியமாக இருந்தது.

தவமலர் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. "அண்ணே, முதல் வாரம்தான் கஷ்டம். அப்புறம் போன் வரும். போன்ல அழுதா நீங்க அழாதீங்க, வெச்சிட்டு அழுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் பழனியப்பன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியாமல் ஜாம் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தார். வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்து நாலு வயதில் அவர் கற்றுக்கொண்டது அந்த மாலையில்தான்.

புறப்படும் நாளுக்கு முந்தின நாள் கடையில் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "போகணும்னு ஆசையா இருக்காமா? இல்லன்னா சொல்லு. அப்பா யாரையாச்சும் பாத்துப் பேசுறேன்."

"பயமாத்தான் இருக்கு," என்றாள் புவனேஸ். "ஆனா போறேன். இந்தக் கடையையும் பனியையும் விட்டா நான் என்னப்பா பாத்திருக்கேன்? தாத்தா முப்பது வருஷம் பெரட்டுல நின்னாரு. எனக்கு நாப்பத்தஞ்சு நாளுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க ஏன்பா பதினோரு நாள்ல ஓடி வந்தீங்க?"

"குளிரு," என்றார் பழனியப்பன். பதினைந்து வருடத்தில் ஒழுங்கைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை இதுதான்.

அவள் நாற்காலி போட்டு ஏறிப் பலகையிலிருந்து பூட்ஸை எடுத்தாள். "இதப் போட்டுட்டுப் போறேன்பா. உங்க ஞாபகமா இருக்கட்டும்."

"அது வேணாமா, பெருசா இருக்கும்."

இல்லை. அவள் காலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அது பழனியப்பனின் காலைவிட இரண்டு அளவு சிறியது. கடையில் அவர் அளவு இல்லை, போடப் போடத் தளர்ந்துவிடும் என்று கடைக்காரன் சொன்னான், நம்பி வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சித் திடலுக்குப் போய்ச் சேரும் முன்பே, மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் நாலு சுற்று நடந்து பார்த்ததிலேயே குதிகால் இரண்டும் தோலுரிந்திருந்தன. அப்படியே வீடு திரும்பினார். அடுத்த ஞாயிறு முழங்கால் வலி தொடங்கியது, அதற்கடுத்த ஞாயிறு வியாபாரம் அதிகமாக இருந்தது. படையில் அவர் சேவை அத்துடன் நிறைவடைந்தது. பூட்ஸின் சேவைதான் பலகையில் தொடர்ந்தது.

புவனேஸ் ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். வெட்டுப் பள்ளங்களில் ஒரு துளி மண் இல்லை. நடுவில், குதிகாலுக்குச் சற்று முன்னால், கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். மூலையில் கீரையோடு உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் கீரையைப் பார்த்தாள்.

பழனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கடிச்சிருச்சுமா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. நகத்தால் சீட்டை மெதுவாக உரித்து, அவர் சட்டைப் பையில் போட்டு, மேலே லேசாகத் தட்டினாள். "நீங்க வெச்சிருங்க. நான் அழுக்காக்கிக் கொண்டாறேன்."

காலையில் பஸ் புறப்பட்டபோது பழனியப்பன் கையைக்கூட ஆட்டவில்லை. பையின் மேல் கையை வைத்தபடி நின்றார். பஸ் வளைவில் மறைந்த பிறகு, பக்கத்தில் நின்ற தவமலரிடம், "அன்னைக்கு உங்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "பரவால்லண்ணே," என்றாள் அவள், "நீங்க சொன்னத அன்னைக்கு யாரு கேட்டா."

இப்போதும் நாலாம் மேசை இருக்கிறது. யாராவது, இந்தக் காலத்துப் பசங்களை என்ன செய்வது என்று ஆரம்பித்தால் எல்லோரும் பழனியப்பனைப் பார்ப்பார்கள். அவர் வாயைத் திறப்பார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, இன்னொரு தேத்தண்ணீர் சொல்வார், சீனி எவ்வளவாக இருந்தாலும் குடிப்பார்.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்த நீங்கள், கோபித்துக்கொள்ளாமல் ஒரு காரியம் செய்யுங்கள். ஒழுக்கம், வீரம், தியாகம் என்று ஊருக்கு எழுதிக் கொடுக்க நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பூட்ஸ், உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு பலகையில் இருக்கும். அதை இறக்கி அடியைத் திருப்பிப் பாருங்கள். நேற்று நான் என்னுடையதைப் பார்த்தேன். அளவு எட்டு, சீட்டில் எழுத்துக்கூட மங்கவில்லை.