நெய்ச்சோற்றில் அகப்பட்ட நரி

மனித நாகரிகம் தன் உச்சியைத் தொட்ட இடம் சுவிஸ் மலைநாட்டு எங்கடின் பள்ளத்தாக்கின் அந்த ஏரிக்கரைதான். மற்ற ஊர்கள் பழமையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும்; இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்து நடமாட விட்டிருந்தார்கள். விளம்பரத்தில் அதன் பெயர் ‘முந்நூறு ஆண்டு மரபுள்ள வேடன்’.

வேடனின் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம்.

அசல் வேடர்களின் பேரப்பிள்ளைகள் ஏரிக்கரை வீடுகளை விற்றுவிட்டு சூரிச்சுக்குப் போய்விட்டதால், மரபைக் காக்கும் மகத்தான பொறுப்பு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த தவச்செல்வனின் மீசைமேல் விழுந்தது. சனிக்கிழமைகளில் அவர் நரித்தோல் அங்கி மாட்டி, மரக்கூண்டுப் பொறியைத் திறந்து வைத்து, உல்லாசப் பயணிகளைப் பார்த்து உறுமுவார். பொறிக்குள் இரை, பிளாஸ்டிக் கோழி.

அன்று உறுமலில் ஓர் அவசரம். குடும்பம் இருக்கும் வின்டர்தூரில் மாலை மகள் கோபிஷாவின் அரங்கேற்றம். மதியக் காட்சி முடிந்ததும் போகலாம் என்று முகாமையாளர் பெரிய மனது பண்ணி லீவு கொடுத்திருந்தார்.

“அப்பா, இந்தமுறையும் வராட்டி நான் உங்களோடை கதைக்கவே மாட்டன்,” என்று காலையிலேயே போனில் மகள்.

“வாறன் பிள்ளை. நரியைப் பிடிச்சுப்போட்டு உடனே வாறன்.”

உலகில் வேறெந்தத் தகப்பனும் சொல்லியிராத சாட்டு.

ஆனால் அது புரட்டாசிச் சனி, சனீஸ்வரனுக்கு விரதம். காகத்துக்கு வைக்காமல் வேடன் வாயில் ஒரு பருக்கை போடமாட்டான். சோறு, பருப்பு, மேலே தாராளமாக நெய். மழையில் கரையெல்லாம் சேறு. காய்ந்த பலகை பொறிக்குள் மட்டுமே இருந்தது. அதில் படைத்துவிட்டு, “கா… கா…” என்று கூப்பிட்டார்.

“ஆதி வேட்டைக் குரல்!” பயணிகள் மெய்சிலிர்த்தார்கள்.

காகம் வரவில்லை. நெய் வாசத்துக்கு நரி வந்தது, உயிரோடு. கதவு டமாரென்று விழுந்தது.

கோப்பை கழுவும் சண்முகலிங்கம் ஈரக் கையோடு ஓடிவந்தார். “அண்ணை, உண்மையாவே பிடிச்சுப்போட்டியள்!”

“ஐயோ, நான் சனீஸ்வரனுக்கெல்லோ வைச்சனான்!”

“அப்ப ஆள் மாறி வந்திட்டார் போல.”

முகாமையாளர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். “வரலாறு உயிர்த்தெழுந்துவிட்டது! லீவு ரத்து. இருட்டும்வரை மணிக்கொரு காட்சி!”

“சேர், மகளின் அரங்கேற்றம்…”

“மகள் இன்னொரு நாள் ஆடுவாள். நரி இன்னொரு நாள் வருமா?”

இந்தத் தத்துவ விசாரத்தின் நடுவே பச்சைச் சீருடையில் வனவிலங்குக் காவலர் வந்து சேர்ந்தார்.

“காட்டு மிருகத்தை அடைத்து வைத்து வேடிக்கை காட்டுவதா? அதற்கும் குடும்பம் இருக்கும், தேடும். உடனே விடுங்கள்!”

முகாமையாளர் சட்டத்தை மதிப்பவர். கதவைத் தானே திறந்து, மன்னிப்பும் கேட்டார். நரி மீசை நெய்யை நக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வீட்டுக்குப் போனது.

தவச்செல்வன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். “ஐயா, அந்தச் சட்டத்துக்குள் நானும் வருவேனா?”

காவலர் கடமை தவறாதவர். கைநூலை முழுதும் புரட்டிப் பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “இல்லை. இது காட்டு மிருகங்களுக்கு மட்டும்.”

தவச்செல்வன் தன் நரித்தோலைக் குனிந்து பார்த்தார். ஓர் உறுமல். பிறகு ரயில் நிலையத்தை நோக்கி எடுத்தார் ஓட்டம்! பயணிகள் கைதட்டினார்கள். துரத்தக் கிளம்பிய முகாமையாளரைக் காவலர் தடுத்து நிறுத்தினார்.

“விடுங்கள். தோலைப் பார்த்தால் காட்டு மிருகம் மாதிரித்தான் இருக்கிறது.”

வின்டர்தூர் மண்டபத்தின் முன்வரிசையில் அன்று மாலை ஒரு நரி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது. மேடையில் கோபிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆடினாள்.

“உந்தச் சனியனைக் கழட்டுங்கோவன், ஆக்கள் பாக்கினம்,” என்று மனைவி மனோகரி விலாவில் இடித்தாள்.

“சும்மா இரப்பா. கழட்டினா நான் திரும்பவும் மனுசன். பிறகு ஆர் என்னை வெளியிலை விடுவினம்?”