தனித்துண்ணல் ஒழிப்பு வாரம்

குடும்பம் என்னும் மாபெரும் அமைப்பை அழிவிலிருந்து மீட்ட பெருமை, குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுற்றறிக்கையையே சேரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்ததில் சிலர் எடை ஏறியும் சிலர் இறங்கியும் இருந்தார்கள். விசாரித்தால், இரு தரப்பாரும் இரவில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள். காய்கறிக்கு அவர்கள் தட்டில் இடமே இல்லை. தலைமையாசிரியை மகாலட்சுமி உடனடியாகத் 'தனித்துண்ணல் ஒழிப்பு வாரம்' அறிவித்தார். பெற்றோர் பிள்ளையோடு அமர்ந்து உண்ண வேண்டும். தினமும் இரவு எட்டு மணிக்கு அதற்குச் 'சான்றாக' ஒரு படம் அனுப்ப வேண்டும். சிறந்த குடும்பத்துக்குப் பரிசு உண்டு.

கேத்தியில் குடியிருக்கும் கொர்னேலியஸ் இதைத் தேயிலைத் தொழிற்சாலையில், இரண்டாவது ஷிஃப்டில் நின்றபடி படித்து மனம் நெகிழ்ந்தார். அவர் மகள் ஜெபிஷா ஒரே வருடத்தில் ஆறு கிலோ கூடியிருந்தாள். அவர் வீடு திரும்பப் பத்தரை ஆகும். மனைவி எல்சா டியூஷன் சென்டரில் ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர ஒன்பது. அதுவரை ஜெபிஷாவுக்குத் துணை செல்போனும் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டும். சோறு பாத்திரத்திலேயே ஆறிக் கிடக்கும்.

"ஏனுங்க, ஏழு நாளைக்கு லீவு யாரு தருவாங்க?" என்றாள் எல்சா.

"லீவு எதுக்கு? அதான் ஞாயித்துக்கிழமை இருக்குதே," என்றார் கொர்னேலியஸ், ஒரு நிர்வாகியின் நிதானத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்து, விளக்கைப் போட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு இரவு வந்துவிட்டது. முதல் படம் திங்கட்கிழமை: பீன்ஸ் பொரியல், ரசம், நீலச் சட்டை. அடுத்தது செவ்வாய்: கேரட், சாம்பார், பச்சை ஸ்வெட்டர். திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். திங்கட்கிழமையைச் சாப்பிட்டு முடித்தால்தான் செவ்வாய்க்கிழமைக்குத் தட்டு கிடைக்கும். ஆகவே வேறு வழியின்றி மூவரும் சாப்பிட்டார்கள், நாளுக்கு இரண்டு கவளம் வீதம்.

"புதன்கிழமைக்குக் கொஞ்சம் சிரிங்க," என்றாள் எல்சா. "செவ்வாக்கிழமை சண்டை போட்ட மாதிரி இருக்குது."

வியாழக்கிழமை வாக்கில் ஜெபிஷா, பி.டி. மாஸ்டர் விசிலை விழுங்கப் பார்த்த கதையைச் சொன்னாள். எல்சாவுக்குப் புரையேறியது. மகள் மூன்றாவது முறையாகப் பீன்ஸ் எடுப்பதைக் கொர்னேலியஸ் கவனித்தார்.

"ஏன் கண்ணு, உனக்குப் பீன்ஸ் புடிக்குமா?"

"தெரியலப்பா. இன்னிக்குப் புடிக்குது."

வாரம் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. படமே எடுக்காமல் ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் செலவானது.

மறுநாளிலிருந்து திட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணிக்குக் கொர்னேலியஸ் தொழிற்சாலையிலிருந்து அன்றைய சாப்பாட்டை அனுப்புவார். எல்சா டியூஷன் சென்டரிலிருந்து அதற்கு ஓர் இதயம் போடுவாள். மகாலட்சுமி தம் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கும் 'அருமை' என்று எழுதுவார். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியான அந்தப் படங்களை, வர்க்கியைத் தேநீரில் நனைத்தபடி ஜெபிஷாவும் பார்ப்பாள். தன் குடும்பம் அந்நேரம் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு இப்படித்தான் தெரியவந்தது.

முதல் பரிசு அவர்களுக்கே. வாரக் கடைசியில் நிறுத்தபோது ஜெபிஷா இன்னும் கால் கிலோ கூடியிருந்தாள் என்பதை, விழாவின் கண்ணியம் கருதி யாரும் குறிப்பிடவில்லை. பரிசு, ஓர் ஆள் சாப்பிடும் அளவுக்கு ஒரு டிபன் பாக்ஸ். கொர்னேலியஸ் தலைமுடியைக் கோதிவிட்டு மேடையேறினார்.

மகாலட்சுமி மைக்கை ஜெபிஷாவிடம் நீட்டினார். "எல்லாருக்கும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

ஜெபிஷா யோசித்தாள். "அடுத்த போட்டி எப்பங்க, மிஸ்?"

அரங்கம் கைதட்டியது. கொர்னேலியஸும் தட்டினார்.

"பாத்தீங்களா ஆர்வத்த," என்று பூரித்தார் மகாலட்சுமி. "மறுபடியும் பரிசு வாங்கணுமா?"

"இல்லீங்க மிஸ்," என்றாள் ஜெபிஷா. "சாப்பிடணும்."