காப்பரிசியில் ஒரு பிடி எள்

தாய்மாமன் ஆகிவிட்டால் ஓர் ஆம்பளைக்குப் புத்தி பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். எனக்கு முதலிலேயே பாதிதான் இருந்தது. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். தேனி கடைவீதியில் ஒரு ஏலக்காய் மண்டியில் எனக்கு வேலை. அக்காவை மயிலாடும்பாறையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் செல்லத்தாய்க்கு ஒரு வயதில் காது குத்து வைத்தார்கள். அப்பா அம்மா போய்விட்டதால் சீர் மொத்தமும் என் பொறுப்பு. (பொறுப்பு என்றா சொன்னேன்? திமிர் என்று திருத்திக்கொள்ளவும்.)

ஒரு வாரத்துக்கு முன்பே அக்கா சொல்லியிருந்தாள்.

"ஏலே, காப்பரிசியில எள்ளு மட்டும் போட்டுறாதடா. பிள்ளைக்குச் சேராது. எள்ளு வறுத்த சட்டியக் கழுவாம புழங்குனாலே மேலெல்லாம் தடிச்சுருது."

"எள்ளு சேராதா? ஊரு உலகத்துல இல்லாத பிள்ளையப் பெத்து வச்சிருக்கியாக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காப்பரிசி தெரியும்தானே? ஊறவைத்த அரிசியில் வெல்லப்பாகு, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, வறுத்த எள் எல்லாம் கலப்பது. காது குத்துக்கு அது மாமன் வீட்டிலிருந்து வந்தே ஆக வேண்டும். எள் இல்லாமல் தாம்பாளத்தில் பார்த்தபோது மொட்டைத் தலை மாதிரி இருந்தது. 'மாமனுக்கு எள்ளு வாங்கக்கூட வக்கில்ல' என்று மச்சான் வீட்டார் பேசிவிட்டால்? ஒரு பிடி எள்ளை வறுத்துத் தூவினேன். ஒரே ஒரு பிடி. அதில் என்ன வந்துவிடப் போகிறது!

கோயில் வாசலில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தேன். மடியில் செல்லத்தாய். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் வீறிட்டு அழுதாள். அழுகையை அமர்த்தும் அவசரத்தில் காப்பரிசியை அள்ளி ஊட்டிவிட்டேன். பொம்பளைகள் கூட்டத்திலிருந்து அக்கா என்னமோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. நான் தேனியிலிருந்து கூட்டிவந்த மேளம் அப்படி.

மறுகாதைக் குத்துவதற்குள் பிள்ளைக்கு உதடு வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. கண் மூடிக்கொண்டது. அழுகை நின்று, மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"கண்ணு பட்டுருச்சு ஆத்தா!" என்று ஆளாளுக்கு அலறினார்கள். அக்கா பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள்.

நான் வைத்தியரைத் தேடி ஓடினேன். பட்டு வேட்டி வழுக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வாசலில் போய் நின்றபோது என் இடுப்பில் கோவணம் மட்டும்தான் இருந்தது.

"ஏம்ப்பா, ஒனக்கு என்ன செய்யுது?" என்றார்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள், நல்லவேளை, பிள்ளைக்கு மூச்சு சீராகியிருந்தது.

சாயங்காலம் அக்கா காலில் விழுந்தேன். "எள்ளு போட்டது நாந்தான்க்கா. எல்லாருட்டயும் சொல்லிர்றேன்."

"சொல்லாத." பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். "மூத்தவனுக்கும் இப்பிடித்தான்டா வந்துச்சு."

மூத்தவன் என்றால் செல்லத்தாய்க்கு முன்னால் பிறந்த பையன். ஒன்றரை வயதில் போய்விட்டான். காய்ச்சல் என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

"பசிக்குதுன்னு அழுதான். எள்ளுருண்டையப் பிட்டு நாந்தான் குடுத்தேன். ஒன் மச்சானுக்குக்கூடத் தெரியாது. நீ செஞ்சதச் சொன்னா, நான் செஞ்சதயும் சொல்லணும். என்னால முடியாதுடா தம்பி."

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவள்தான் என்னையும் சேர்த்துத் தட்டிக்கொடுத்தாள்.

இப்போது செல்லத்தாய் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எள் இருக்கும் பக்கமே போவதில்லை. வீட்டில் விசேஷம் என்றால் ஆரம்பித்துவிடுவாள்: "எனக்குக் கண்ணு பட்டதுக்கு எங்க மாமா கோவணத்தோட ஓடுனாக!" பந்தியே சிரிக்கும். அக்கா இருந்தவரை அவளும் சிரித்தாள்.

அவள் போன பிறகு, சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும். (செல்லத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) சொன்னதில்லை. எழுந்து, வேட்டி அவிழ்ந்ததை இன்னொரு தடவை நடித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.