எறும்பு தின்ற கல்யாணத் தேதி

தூத்துக்குடி,
19-11-1979, திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் எஸ்றாவுக்கு, அப்பா ஏசுவடியான் ஆசீர்வதித்து எழுதுவது.

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஜெயபாயும் இங்கே சுகம். கலிபோர்னியாவில் நீயும் சுகமாயிருக்கும்படி குடும்ப ஜெபத்தில் தினமும் உன் பெயரைத்தான் முதலில் சொல்லுகிறோம். இந்த வீட்டில் சுகமில்லாத ஜீவன் ஒன்றே ஒன்று. ஜனவரி லீவில் நீ கொண்டுவந்து முன்னறையில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். அதன் இரண்டு டிஸ்க் டிரைவ்களும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கின்றன. விசாரிக்க வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தே உன் அம்மா இளைத்துப் போனாள்.

முப்பத்தெட்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். கோழி கிளறியதுபோன்ற கையெழுத்தையெல்லாம் படித்து மார்க் போட்டிருக்கிறேன். கடைசிக் காலத்தில் பெற்ற மகனின் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு மேசை, ஒரு திரை, அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், போதாததற்கு மின்சார வாரியத்தின் தயவு, இத்தனையும் தேவைப்படும் என்று கனவிலும் நினைத்ததில்லை. "ஏர் லெட்டரெல்லாம் பழைய காலம்ப்பா, நான் டிஸ்கில் எழுதி அனுப்புகிறேன், செருகினால் திரையில் வந்துவிடும்" என்றாய். வந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஏப்ரலிலும் ஜூனிலும் வந்த இரண்டு டிஸ்குகளையும் நானே செருகி நானே படித்தேன். நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்ததைக்கூட மன்னித்தேன். படித்ததோடு நிற்காமல், கோவிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்த போதகர் ஐயரிடமும் கமிட்டிக்காரர்களிடமும், "என் மகன் டிஸ்கில் எழுதுகிறான், நான் டிஸ்கில் படிக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்தப் பெருமைதான் பிறகு என் வாயை அடைத்தது.

ஆகஸ்டில் மூன்றாவது டிஸ்க் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "ஜெயாவின் கல்யாணம் பற்றியும் என் லீவு பற்றியும் இதில் விவரமாக எழுதியிருக்கிறேன்." அந்தச் சீட்டிலேயே இன்னும் ஒரு வரி சேர்த்து, இந்தத் தேதிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தால் பேனா தேய்ந்து போயிருக்கும், நியாயம்தான். வந்த அன்று கரண்ட் இல்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் இல்லை. நாலாம் நாள் செருகினேன். முதல் டிரைவ், தொண்டையில் மீன்முள் சிக்கியவனைப்போலக் கர்கர் என்று கனைத்தது. திரையில் 'எரர்' என்று வந்தது. இரண்டாவது டிரைவில் போட்டேன். அதற்கும் அதே முள். நீ கொடுத்த புத்தகத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். டிஸ்கைச் சரிபார்க்கவும், டிரைவைச் சரிபார்க்கவும், அப்படியும் சரியாகாவிட்டால் வாங்கிய கடையில் கொடுக்கவும் என்று போட்டிருந்தது. கடை கலிபோர்னியாவில் இருக்கிறது. முத்தையாபுரம் பஸ் அந்த வழியாகப் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

படிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதக்கூடாதா என்று நீ கேட்பாய். எழுதியிருக்கலாம். மிஷினை ஓட்டத் தெரியாத கிழவன் என்று நீ சிரிப்பாயே என்று எழுதவில்லை. நீயாவது செப்டம்பர் முதல் இன்றுவரை ஒரு வரி போட்டாயா? அமெரிக்காவில் மை தட்டுப்பாடு போலிருக்கிறது என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

முதல் டிரைவை ரேடியோ கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். நாளைக்கு வாங்கிக்கிடுங்க என்றவர் மூன்று வாரம் வைத்திருந்தார். நடுவில் ஆயுதபூஜை வந்தது. கடையில் இருந்த பொருள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மனுஷன் நம்முடைய டிரைவுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வாரா? சந்தனமும் குங்குமமுமாக வந்து சேர்ந்தது. தையல் மிஷின் எண்ணெய் வேறு உள்ளே வழிய வழிய விட்டிருந்தார். "சார்வாள், மோட்டார் எப்படிச் சுத்துது பாத்தீங்களா? இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார். எனக்குக் கடிதம் வேண்டும் என்றேன். "அது தவால் ஆபீஸ்லல்லா கேக்கணும்" என்றார். உன் அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே பொட்டைத் துடைத்தாள். இரண்டு மதத்தின் ஆதரவும் கிடைத்தும் அந்த டிரைவ் எழுந்திருக்கவில்லை.

அடுத்து வந்தவன் துறைமுகத்தில் கிரேனுக்கு எலக்ட்ரீசியனாக இருக்கும் இஞ்ஞாசி. போன வியாழக்கிழமை வந்தான். "பத்து டன் தூக்குத கிரேனையே நிமித்துதேன் சார், இந்தச் சோத்து டப்பாவா என்னிய ஏமாத்தும்?" என்று இரண்டாவது டிரைவின் ஸ்குரூக்களைக் கழற்றினான். மூடியைத் தூக்கியவன் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டான்.

"சார், உள்ள ஒரு ஊரே குடியிருக்கு. முட்டையெல்லாம் வச்சிருக்கு."

எட்டிப் பார்த்தேன். செவ்வெறும்பு. கம்ப்யூட்டர் தின்னும் எறும்பை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? டிஸ்கை முகர்ந்து பார்த்த இஞ்ஞாசி, "இது என்ன சார், இனிப்பு வாடை அடிக்கி?" என்றான். நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

காற்றில் ஈரம் படாத இடமாகப் பார்த்து டிஸ்கை வையுங்கள் என்று நீ அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவளும் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். கரண்ட் இல்லாத நாளெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில், கருப்பட்டி போட்டுவைக்கும் ஓலைக் கொட்டானுக்குள், கருப்பட்டியோடு கருப்பட்டியாக வைத்திருக்கிறாள்.

"ஏளா, அங்கன கொண்டுபோயா வச்ச?" என்றேன்.

"பின்ன எங்கன வைக்க? உப்புக்காத்துல வீடே பிசுபிசுக்குது. மழைக்காலத்துல கருப்பட்டியே கசியாம இருக்குத எடம், இந்தத் தகடு மட்டும் கெட்டுப் போயிருமோ?"

நாசரேத்தில் எங்கள் வீட்டிலும் கருப்பட்டி பரணில்தான் இருந்தது, ஒரு எறும்பு ஏறினதில்லை. அடுப்புப் புகைக்குப் பயந்து கீழேயே நின்றுவிடும். இங்கே மட்டும் ஏன் ஏறியது? அடுப்பில் புகை இல்லை. ஏன் புகை இல்லை? அம்மா கண் எரியக்கூடாது என்று நீ மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். புகை போயிற்று, எறும்பு வந்தது, கருப்பட்டி தீர்ந்ததும் டிஸ்கைப் பிடித்து டிரைவுக்குள் குடிபோயிற்று. ஆகவே மகனே, நடந்த அத்தனைக்கும் காரணம் நீதான் என்று இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். இஞ்ஞாசி எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினான். ஒரு ஸ்குரூ மிச்சம் வந்தது. "ரெண்டு மூணு நாள் காயட்டும். பொழைக்குமான்னு மாதாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. சாத்தான்குளத்திலிருந்து, ஜெயாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார் அற்புதமணி வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நான் நெருக்குதேன்னு நெனைக்கப்படாது. மூணு மாசமா மகன் எழுதுவான், எழுதுவான்னு சொல்லுதீங்க. மாப்பிள்ளைக்கு வேற எடத்துலயும் கேக்குதாங்க. இன்னைக்கு ஒரு தேதி சொன்னா நாங்க கோவில்ல கல்யாண அறிவிப்பு வாசிக்க ஓலை எழுதிக் கொடுக்கலாம்" என்றார். மனுஷர் சொன்னதில் தப்பே இல்லை. அண்ணன் வராமல் கோவிலுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று ஜெயா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் வரும் தேதியோ எறும்பின் வயிற்றில் இருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன். ஜனவரி 9, புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். நேற்றைக்கு ஐயரும் குறித்துக்கொண்டார். ஜெயா சனிக்கிழமை சாப்பிடவில்லை. "அண்ணன் வராட்டா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற மகளின் கல்யாணத் தேதியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் சந்தோஷமா? எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உன் லீவு டிசம்பரோடு முடிகிறதோ, பிப்ரவரியில்தான் ஆரம்பிக்கிறதோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வேண்டாம். தங்கச்சியைவிட வேலை பெரிது என்று நீ முடிவு செய்திருந்தால் அங்கேயே இருந்துகொள். உன் இடத்தில் நிற்க உன் மாமா வெள்ளத்துரை இருக்கிறார். அவருக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டாம், ஒரு வேட்டி இருந்தால் போதும். கம்ப்யூட்டரைத் தேயிலைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டேன். இஞ்ஞாசிக்குத் தெரிந்த கப்பல்காரர் ஒருவர் மூலம் வந்த வழியே உன்னிடம் வந்து சேரும். இனிமேல் இந்த விலாசத்துக்கு டிஸ்க் எதுவும் அனுப்பாதே.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல புத்தியையும், முக்கியமாகப் பின்னதையும், குறைவில்லாமல் தந்தருளுவாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் முத்தங்கள்.

உன் அன்புள்ள அப்பா,
ஏ. ஏசுவடியான்,
தலைமையாசிரியர் (ஓய்வு)

பி.கு. ஒட்டுவதற்குப் பசை எடுக்க உள்ளே போனேன். என்னிடம் சொல்லாமல் ஜெயா கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, இரண்டாவது டிரைவில் உன் டிஸ்கைப் போட்டிருக்கிறாள். நாலு தடவை கனைத்துவிட்டு அது பேசிவிட்டது. இருந்ததே கொஞ்சம் வரிகள்தான். "அப்பா, ஜெயா கல்யாணத்துக்கு நீங்கள் எந்தத் தேதி வைத்தாலும் நான் வந்துவிடுவேன். உங்கள் தேதி தெரிந்தால்தான் நான் இங்கே லீவு கேட்க முடியும். தேதியை எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

ஆகஸ்ட் 10-ல் எழுதியிருக்கிறாய். மூன்று மாதமாக நீ என் கடிதத்துக்காகக் காத்திருந்தாய். நான் உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். ஞாபகப்படுத்தி ஒரு வரி எழுத உனக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீ என் மகன்தான் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஜெயா அழுதுகொண்டே சிரிக்கிறாள். உன் அம்மா திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கரண்ட் போகிறவரை அணைக்கக்கூடாது என்கிறாள். ஆகையால் கப்பல்காரரை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். வேறு கடிதம் எழுத நேரமில்லை, ஐந்தரைக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். மேலே எழுதியது அத்தனையையும் நீயே அடித்துவிடு. அப்பாவை மன்னித்துக்கொள். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: ஜனவரி 9, புதன்கிழமை. இன்றைக்கே லீவு கேள், மகனே.